கண்ணாடிக்கு அளவு கொடுக்கும் முன் சுவரை அளந்து பாருங்கள்

புறவாசலில் அப்பா 1986இல் இறக்கிய சாய்ப்பு ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், மூன்று பக்கமும் இரும்புச் சட்டத்தில் பூப்போட்ட கண்ணாடி. கிழக்குப் பார்த்த இடம் என்பதால் அம்மா காலையில் அங்கேதான் உட்காருவாள், வடகம் காயப்போடுவதும் அங்கேதான். சட்டம் துருவேறி, போன கார்த்திகை மழையில் ஷீட்டும் கீறிவிட்டது. மழை ஒழுகாத, குரங்கு நுழையாத கண்ணாடி அறையாக மாற்றிவிடலாம் என்று இறங்கினோம். அம்பாசமுத்திரம் பக்கம் வீடு இருப்பவர்களுக்குக் குரங்குத் தொல்லையைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மாதம் என்றார்கள். வைகாசியில் தொடங்கிய வேலை ஐப்பசி கடைசியில்தான் முடிந்தது.

பழைய ஷீட்டைக் கழற்ற வந்த பையன் சுத்தியலை எடுத்து உடைக்கவே ஆரம்பித்துவிட்டான். ஓடிப்போய் நிறுத்தினேன். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் பல வருடம் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடியது. தண்ணீர் அடித்து நனைத்து, முகமூடி போட்டு, போல்ட்டை அறுத்து, ஷீட்டை முழுசாக இறக்க வைத்தோம். அரை நாள் கூடுதலாக ஆனது, ஆகட்டும்.

கூரை முழுக்கக் கண்ணாடி வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தேன். நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு அது அடுப்பாகிவிடும். பதினான்கு அடி அகலத்தில் நடுவே மூன்று கண்ணாடி, இரண்டு ஓரமும் பஃப் பேனல், அதாவது நடுவில் நுரை வைத்து வெயில் சூட்டைத் தடுக்கிற தகடு. தலைக்கு மேல் வருகிற கண்ணாடி வெறும் டஃபன்ட் (சூடேற்றி உறுதியாக்கியது) ஆக இருக்கக் கூடாது, லேமினேட்டட் (இரண்டு கண்ணாடியை நடுவில் படலம் வைத்து ஒட்டியது) ஆகவும் இருக்க வேண்டும். உடைந்தாலும் நடுவில் இருக்கும் படலத்தில் தூள் ஒட்டிக்கொண்டு நிற்கும், தலையில் கொட்டாது. 5 மி.மீ. இரண்டு சேர்த்தது, மூன்றடிக்கு எட்டடி, ஒன்று 60 கிலோ பக்கம் வரும். இதுவரை எல்லாம் சரி.

ஒப்பந்தக்காரர் சட்டம் நிறுத்துவதற்கு முன்பே, வரைபடத்தைப் பார்த்துக் கண்ணாடிக்கு அளவு கொடுத்துவிட்டார். எனக்கு அது தெரியாது. லாரியில் வந்த கண்ணாடியை நான்கு பேர் மேலே ஏற்றி வைத்துப் பார்த்தால் இரண்டு கண்ணாடி முக்கால் இஞ்ச் பெரிசு. அப்பா காலத்துச் சுவர் கோணல். வீட்டுச் சுவர் ஓரம் பதினான்கு அடி இருந்த இடம், வெளி ஓரத்தில் இரண்டு இஞ்ச் குறைந்திருந்தது. "அண்ணாச்சி, கிரைண்டர் வச்சு ஓரத்த லேசா தேச்சிருவோம்" என்றார் ஒருவர். நல்லவேளை, கொத்தனார் கையைப் பிடித்துத் தடுத்தார். டஃபன்ட் செய்த கண்ணாடியை அப்புறம் அறுக்கவும் முடியாது, துளை போடவும் முடியாது. கிரைண்டர் பட்டால் அந்த அடுக்கு முழுக்கப் பொடிப்பொடியாக நொறுங்கிவிடும்.

அந்தக் கொத்தனாரே பிறகு 3, 4, 5 அடிக் கணக்கில் மூலைமட்டம் பிடித்துக் காட்டினார். ஒரு மூலையிலிருந்து சுவரோரம் மூன்றடி, பக்கத்தில் நான்கடி குறித்து, குறுக்கே ஐந்தடி வந்தால் மூலை நேர். எங்களுக்கு ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வந்தது. ஐந்து நிமிட வேலை. இதை வைகாசியிலேயே பார்த்திருந்தால் ஏழு வாரம் மிச்சம். பழைய வீட்டில் சேர்த்துக் கட்டுகிறவர்கள் தயவுசெய்து சட்டம் நின்ற பிறகு, மேலும் கீழும் குறுக்கிலும் அளந்து, அப்புறம் கண்ணாடிக்குச் சொல்லுங்கள்.

சுவர் கோணலுக்கு நான் எப்படிப் பொறுப்பு என்று ஒப்பந்தக்காரர் கேட்டார். முதலில் வாங்கிய விலைப்பட்டியலில் 'அளவு எடுப்பது எங்கள் பொறுப்பு' என்று ஒரு வரி எழுத வைத்திருந்தான் என் மைத்துனன். அதைக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. இரண்டு கண்ணாடியும் அவர் செலவில் மறுபடி வந்தன.

முடிந்தது என்று நினைத்தோம். ஐப்பசி முதல் மழையில் ராத்திரி அம்மா கூப்பிட்டாள்: "எய்யா, மழ உள்ளதான் பெய்யுது." கூரையும் வீட்டுச் சுவரும் சேருகிற இடத்தில் வரிசையாகச் சொட்டிக்கொண்டிருந்தது. காலையில் ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். மூட்டை அடைக்கப் பூசியிருந்த சிலிக்கான் பசையை விரலால் இழுத்ததும் நாடா மாதிரி முழு நீளத்துக்கும் உரிந்து வந்தது. அதன் முதுகில் சுண்ணாம்பு வெள்ளையாக ஒட்டியிருந்தது. சுண்ணாம்படித்த சுவரைச் சுரண்டாமல் மேலேயே இழுத்திருக்கிறார்கள். போதாததற்கு, பூசும்போது வினிகர் வாடை அடிக்கிற மலிவு ரகம். அது சுண்ணாம்பிலும் சிமெண்டிலும் பிடிக்காது, லேமினேட்டட் கண்ணாடி ஓரத்துக்கும் ஆகாது. அந்த வினிகர் வாடை இல்லாத நியூட்ரல் ரகம் என்று கேட்டு வாங்க வேண்டும்.

சிலிக்கானை மட்டும் நம்பாதீர்கள். பிறகு சுவரில் முக்கால் இஞ்ச் ஆழத்துக்குக் காடி வெட்டி, அலுமினியத் தகட்டை அதற்குள் செருகி, கூரைமேல் மடித்துவிட்டு, கலவை வைத்து அடைத்தார்கள். அதற்கும் மேலேதான் நியூட்ரல் சிலிக்கான். முதல் தடவையே செய்திருக்க வேண்டிய வேலை.

நல்லகாலமாகப் பத்தில் ஒரு பங்குப் பணத்தை நான் கொடுக்காமல் வைத்திருந்தேன். அது கையில் இல்லாவிட்டால் இரண்டாம் தடவை யாரும் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்க மாட்டார்கள். தகடு வைத்த மறுநாள், மட்டப்பாவிலிருந்து, அதாவது மொட்டை மாடியிலிருந்து, ஓஸ் பைப் போட்டு அந்த மூட்டின் மேல் அரை மணி நேரம் தண்ணீர் விட்டேன். உள்ளே அம்மா நாற்காலியில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு இறங்கவில்லை. சாயங்காலம் பாக்கியை எண்ணிக் கொடுத்தேன்.