வளர்ற பிள்ளைக்கு ஒரு வில்

கதவும் நிலையும் செய்தே பழகிய கை என்னுடையது. மரம் வளையக் கூடாது, முறுக்கிக்கொள்ளக் கூடாது என்பதுதான் எங்கள் தொழிலில் முதல் கவலை. மழைக்காலத்தில் ஒரு கதவு பிடித்துக்கொண்டால் போதும், வீட்டுக்காரர் போன் போட்டு ஏசிவிடுவார். அப்படிப்பட்டவனிடம் வளைவதற்கென்றே ஒரு பொருள் கேட்டு வந்தார், எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டுபவர். மகள் ஆறாம் வகுப்பு. வில்வித்தைப் பயிற்சிக்குப் போகிறாள். வீட்டில் பழக ஒரு வில் வேண்டுமாம்.

நம் நாட்டில் மூங்கில் வில்லுக்கென்றே ‘இந்தியன் ரவுண்டு’ என்று ஒரு போட்டிப் பிரிவு இருக்கிறது. ஒலிம்பிக் வில் என்றால் அதன் சாமான்களோடு லட்சத்தைத் தாண்டும். ஜார்க்கண்டின் தீபிகா குமாரியே மூங்கில் வில்லில் தொடங்கியவர்தான், 2010 டெல்லி காமன்வெல்த்தில் இரண்டு தங்கம் வாங்கினார் என்று பாப்பா எனக்குப் பாடமே நடத்தினாள்.

அப்பாவுக்கு வேறு கணக்கு. “அண்ணாச்சி, வளர்ற பிள்ளை. ரெண்டு மூணு வருசத்துக்கு வர்ற மாதிரி கொஞ்சம் கடுசாவே செஞ்சிருங்க.” பள்ளிக்கூட யூனிபார்முக்கு மடிப்பு விட்டுத் தைக்கச் சொல்வது போலத்தான். துணியில் அது நடக்கும். வில்லில் நடக்காது. தாங்காத வில்லை இழுக்கும் பிள்ளை தோளைத் தூக்கும், முதுகை வளைக்கும், குறி பார்க்கும் முன்பே கை நடுங்கி அம்பை விட்டுவிடும். பிறகு உடம்பு வளர்ந்தாலும் அந்தப் பழக்கம் போகாது. அவளுடைய பயிற்சியாளரும் 7 கிலோ இழுவைக்கு, அதாவது நாணை முழுக்க இழுக்கத் தேவைப்படும் பலத்துக்கு, மேல் போகக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார். அப்பாவுக்கு அரை மனசுதான்.

அவளை இரண்டு கையையும் விரித்து நிற்கச் சொல்லி அளந்தேன்: 55 அங்குலம். இரண்டரையால் வகுத்தால் 22. அவள் நாணை இழுக்கப்போகும் தூரம் ஏறக்குறைய அதுதான். நாலரை அடி வில் தாராளம்.

முற்றிக் காய்ந்த கல் மூங்கில் எடுத்தேன். பச்சையை வளைத்தால் வளைந்த கோலத்திலேயே நின்றுவிடும். நெடுக்கப் பிளந்தபின் ஒரே விதிதான்: பச்சைத் தோல் இருந்த வெளிப்பக்கத்தில் உளி படக் கூடாது. நார் நெருக்கமாக ஓடுவது அங்கேதான். இழுக்கும்போது விரிந்து கொடுப்பதும் அதுவே. செதுக்கல் எல்லாம் உள்பக்கத்தில்.

பாதி வேலை வரை தச்சு வேலை போலத்தான் இருக்கும். அதன்பின் இழைப்புளியை ஒதுக்கி வைத்துவிட வேண்டியதுதான். நடுப்பிடியைச் சுவரில் ஒரு முளையில் மாட்டி, நாணைக் கப்பி வழியாகக் கீழே இழுத்து, தள்ளி நின்று பார்க்க வேண்டும். எந்த இடம் வளையாமல் விறைத்து நிற்கிறதோ அங்கே பென்சில் கோடு. கண்ணாடிச் சில்லால் அந்தக் கோட்டை மட்டும் சுரண்டுவது. மறுபடி பலமுறை மெதுவாக இழுத்து விடுவது. சுரண்டியதும் தெரியாது, இழுத்துப் பழகிய பிறகே மூங்கில் தன் மாற்றத்தைக் காட்டும். எனக்குத் தொல்லை கொடுத்தது வில்லின் மேல்கையில், அதாவது பிடிக்கு மேலே உள்ள பாதியில், இருந்த ஒரு கணு. அதை விட்டால் அங்கே விறைப்பு, கொஞ்சம் கூடுதலாக எடுத்தால் அதன் பக்கத்திலேயே மடிப்பு. நாணில் பெட்டி தூக்கிப் பார்க்கும் தராசை மாட்டித்தான் ஒவ்வொரு முறையும் இழுத்தேன். 7 கிலோவைத் தாண்டி ஒரு தடவைகூட இழுக்கவில்லை. கீழ்க்கையை ஒரு மயிரிழை விறைப்பாகவே விட்டேன், பிடி அந்தப் பக்கம் சற்றே தள்ளி இருப்பதால்.

வாங்கிப் போக வந்த அன்று அப்பா முதலில் தானே இழுத்துப் பார்க்கக் கை நீட்டினார். கொடுக்கவில்லை. அவர் கை நீளத்துக்கு இழுத்தால் இந்த வில் ஒடிந்துவிடும். பாப்பாவிடம் கொடுத்தேன், தோள் ஏறாமல் இழுத்தாள். பழகி முடிந்ததும் நாணைக் கழற்று, வெயிலில் போடாதே, அம்பில்லாமல் நாணை விடாதே என்று சொன்னேன். வெறும் நாணை விட்டால் அந்த வேகம் முழுக்க வில்லுக்குள்ளேயே அடிக்கும்.

அவள் உடனே கேட்டாள்: “எங்க தம்பி சும்மா இழுத்து விட்டாம்னா?”

பரண் மேல் வைக்கச் சொன்னேன். அடுத்த வருடம் கையை மறுபடி அளந்துகொண்டு வரும்படி அப்பாவிடம் சொன்னேன். “அப்ப இன்னொண்ணு செலவா அண்ணாச்சி?” என்றார். ஆமாம், செலவுதான். மூங்கில் விலை குறைவு, என் கூலியையும் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்றேன்.