மாவுச்சத்தைக் குறைத்து மூன்று வருடம்: ஒரு நாட்குறிப்பு

பிப்ரவரி 4

மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிட ஆரம்பித்து இன்றோடு மூன்று வருடம். 14 கிலோ குறைந்தது, திரும்பி வரவில்லை. ஆனால் நேற்று வந்த ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை. ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 190-லிருந்து 82-க்கு இறங்கியிருக்கிறது, மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் HbA1c 5.4 சதவீதம், அதெல்லாம் சந்தோஷம்தான். வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் 104. கெட்ட கொழுப்பு என்று சொல்லும் எல்டிஎல் 178, மூன்று வருடத்துக்கு முன்பு 121 இருந்தது.

அக்காவிடம் போனில் சொன்னேன். "எடை குறைஞ்சது சரிடா, வருஷக்கணக்கா இப்படியே சாப்பிட்டா உடம்பு என்ன ஆகும்னு யாராவது பார்த்திருக்காங்களா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. மூன்று வருடமாகச் செய்கிற ஒரு காரியத்தைப் பற்றி இந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை.

பிப்ரவரி 6

முதலில் அந்த 104. கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம் சர்க்கரை கிளைக்கோஜனாகச் சேர்ந்திருக்கும், ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். முதல் வாரத்தில் எடை சரசரவென்று இறங்குவது பெரும்பாலும் இந்தத் தண்ணீர்தான். அதன் பிறகு உடம்பு கொழுப்புக்கு மாறுகிறது. மூளைக்கு ஒரு நாளைக்கு 120 கிராம் போல குளுக்கோஸ் வேண்டும், அதில் பெரும்பகுதியை, கொழுப்பிலிருந்து கல்லீரல் தயாரிக்கும் கீட்டோன் என்ற எரிபொருள் ஈடுகட்டிவிடும், மிச்ச குளுக்கோஸைக் கல்லீரல் தானே தயாரிக்கும். தசைகள் கொழுப்பில் ஓடுவதால் குளுக்கோஸை அவ்வளவாக எடுத்துக்கொள்வதில்லை, அது மூளைக்கென்று ரத்தத்தில் நிற்கிறது. காலைச் சர்க்கரை கொஞ்சம் ஏறித் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதே காரணத்தால்தான், குளுக்கோஸ் குடிக்க வைத்து எடுக்கும் பரிசோதனைக்கு முன் மூன்று நாட்களாவது தினமும் 150 கிராம் மாவுச்சத்து சாப்பிடச் சொல்கிறார்கள். இல்லையென்றால் நல்ல உடம்புக்கும் சர்க்கரை நோய் இருப்பது போல முடிவு வரலாம். என்னிடம் எந்தப் பரிசோதனையின்போதும் யாரும் இதைக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இனி சொல்வேன்.

பிப்ரவரி 11

அக்கா கேட்டதற்கு நேராக வரும் ஆய்வு ஒன்று இருக்கிறது. 2018-இல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் வந்தது. அமெரிக்காவில் நான்கு ஊர்ப் பகுதிகளைச் சேர்ந்த 15,428 பேர், சேர்ந்தபோது வயது 45 முதல் 64, சுமார் 25 வருடம் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள், அதற்குள் 6,283 பேர் இறந்துபோனார்கள். மொத்த கலோரியில் 50 முதல் 55 சதவீதம் மாவுச்சத்திலிருந்து எடுத்தவர்களிடம் இறப்பு மிகக் குறைவு. அதற்குக் கீழே போனாலும் மேலே போனாலும் கோடு ஏறுகிறது. 50 வயதில் இருப்பவருக்கு மீதமுள்ள ஆயுளையும் கணக்கிட்டிருக்கிறார்கள். நடுவில் இருப்பவர்களுக்கு இன்னும் 33 வருடம், 30 சதவீதத்துக்குக் கீழே இருப்பவர்களுக்கு 29.

நான்கு வருடம். இரவு சரியாகத் தூங்கவில்லை.

பிப்ரவரி 12

இன்று அதையே நிதானமாகத் திரும்பப் படித்தேன். என்ன சாப்பிட்டார்கள் என்று கேள்வித்தாள் வைத்துக் கேட்டது இரண்டே தடவை, 1987-89-இல் ஒன்று, 1993-95-இல் ஒன்று. குறைவாக மாவுச்சத்து சாப்பிட்டவர்களில் புகைபிடிப்பவர்களும் சர்க்கரை நோயாளிகளும் உடல் பருமன் உள்ளவர்களும் அதிகம். கணக்கில் அதைச் சரிசெய்திருக்கிறார்கள், ஆனாலும் முழுக்கச் சரிசெய்துவிட முடியுமா என்ற சந்தேகம் எனக்குப் போகவில்லை. தவிர, அங்கே குறைவு என்றாலே 40 சதவீதத்துக்குக் கீழே. மாவுச்சத்தை அறவே குறைக்கும் கீட்டோ உணவில் இருப்பவர் பெரும்பாலும் 10 சதவீதத்தைக்கூடத் தாண்டுவதில்லை.

ஆனால் என்னை உலுக்கியது வேறு ஒரு இடம். மாவுச்சத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இறைச்சி போன்ற, விலங்குகளிலிருந்து வரும் புரதத்தையும் கொழுப்பையும் வைத்தவர்களிடம் இறப்பு கூடியிருக்கிறது. அதே இடத்தில் கொட்டைகள், பருப்பு வகைகள், காய்கறி வைத்தவர்களிடம் குறைந்திருக்கிறது. எதைக் குறைத்தேன் என்று மூன்று வருடமாகக் கிராம் கணக்கில் எழுதி வைத்திருக்கிறேன். அதற்குப் பதிலாக என்ன சாப்பிட்டேன் என்று ஒரு நாள்கூட எழுதவில்லை.

பிப்ரவரி 19

ஒரு வாரம் எழுதி வைத்துப் பார்த்தேன். வெண்ணெய், முட்டை, இறைச்சி, மறுபடியும் வெண்ணெய். நார்ச்சத்து மிகக் குறைவு. எல்டிஎல் ஏறியதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

மார்ச் 2

2017-இல் வந்த பியூர் ஆய்வை நண்பன் அனுப்பினான், 18 நாடுகள், 1,35,335 பேர். அதில் மிக அதிகமாக மாவுச்சத்து சாப்பிட்டவர்களிடம் இறப்பு அதிகம். இதை வைத்துக்கொண்டு மாவுச்சத்தே விஷம் என்று பேசுவது அநியாயம். ஏழ்மையில் இருப்பவர்களின் தட்டில் மாவுச்சத்துதான் அதிகம் இருக்கும், அதுவும் பெரும்பாலும் தீட்டிய தானியம். 1949-இல் ஜப்பானின் ஒகினாவா தீவு மக்களின் உணவில் சுமார் 85 சதவீதம் மாவுச்சத்து, பெரும்பகுதி சர்க்கரைவள்ளிக் கிழங்கு. நீண்ட ஆயுளுக்குப் பேர்போன மக்கள் அவர்கள்.

எலிகளிடமும் ஒரே பதில் இல்லை. 2017-இல் ஒரு ஆய்வில் கீட்டோ உணவு எலிகளின் சராசரி ஆயுளைக் கூட்டியது, ஆனால் அவை கொழுத்துவிடாதபடி கலோரியை அளந்து கொடுத்தார்கள். 2014-இல் சிட்னியில் 25 வகை உணவு கொடுத்துப் பார்த்ததில், புரதம் குறைந்து மாவுச்சத்து கூடிய உணவைத் தின்றவைதான் அதிக நாள் வாழ்ந்தன.

மார்ச் 9

ஒரு வார்த்தை, யாராவது சர்க்கரை நோய்க்கு மாத்திரை போட்டுக்கொண்டே இதை ஆரம்பிக்க நினைத்தால்: மருத்துவரிடம் சொல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரை போடுபவர்களுக்குக் கீட்டோஅசிடோசிஸ், அதாவது கீட்டோன் அளவுமீறி ரத்தம் அமிலமாகும் நிலை, வரும் ஆபத்து இதனால் கூடும், அதுவும் ரத்தத்தில் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே. இன்சுலின் போடுபவர்களுக்குச் சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்துவிடலாம்.

மே 27

வெண்ணெயை ஏறக்குறைய நிறுத்தி மூன்று மாதம் ஆகிறது. கொட்டைகள், பருப்பு, மீன், நிறையக் காய்கறி, கொஞ்சம் முழு தானியம். மாவுச்சத்து 10 சதவீதத்திலிருந்து 30-க்கு வந்திருக்கிறது. எடை ஒன்றரைக் கிலோ கூடியது, கிளைக்கோஜனும் தண்ணீரும் நினைவிருந்ததால் பதறவில்லை. இன்றைய முடிவு: எல்டிஎல் 134, வெறும் வயிற்றுச் சர்க்கரை 96, ட்ரைகிளிசரைடு 91.

அக்காவுக்குப் போன் செய்தேன். 25 வருடம் பார்த்திருக்கிறார்கள், ஆனால் நான் சாப்பிட்ட அளவுக்குக் குறைத்தவர்களை இல்லை என்றேன். "அப்போ நீ வருஷா வருஷம் பார்த்துக்கோ" என்றாள். அடுத்த பரிசோதனை நவம்பரில்.