அவசரக்காரக் குதிரையும் 2.5 மீட்டர் தூரத்துக் கட்டையும்: பதினோராவது வாரம்

நேற்றுத் தாவல் பயிற்சியில் எட்டுத் தடை, எல்லாம் 70 செ.மீ., ஒரு கட்டைகூடக் கீழே விழவில்லை. அதைவிடப் பெரிய சந்தோஷம், முதல் தடைக்குப் போன அதே வேகத்தில்தான் எட்டாவது தடைக்கும் எங்கள் குதிரை போனாள். ரேஸிலிருந்து வந்த 7 வயது தரோபிரெட் பெட்டை, 15.2 கை (சுமார் 157 செ.மீ.) உயரம். ஐந்தாவது வாரம் வரை மூன்றாவது தடையைப் பார்த்தாலே தலையை வானத்துக்குத் தூக்கி, முதுகைக் குழித்து, கடைசி மூன்று ஸ்ட்ரைடை (பாய்ச்சல் அடியை) ஓட்டமாக ஓடி, முன்காலால் கட்டையை இழுத்துக்கொண்டு போய்விடுவாள். நேற்றைய எட்டில் காம்பினேஷன் (ஓரிரு ஸ்ட்ரைட் இடைவெளியில் அடுத்தடுத்து வரும் தடைகள்) கிடையாது. அது இன்னும் பாக்கி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

பல், முதுகு, குளம்பு எல்லாம் ஆரம்பத்திலேயே பார்த்தாகிவிட்டது. சேணத்தை மட்டும் எட்டாவது வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டியிருந்தது. தோளைச் சுற்றிச் சதை ஏறியதில் முன்பக்க அகலம் ஒரு அளவு போதாமல் போயிருந்தது. தடையைத் தாண்டி இறங்கும்போது தோளில் சேணம் குத்தினால் குதிரை வலியைவிட்டு ஓடத்தான் பார்க்கும். அதைத் திமிர் என்று எழுதி வைப்பது பெரிய அநியாயம். ரேஸ் குதிரை உடம்பு மாறும் வேகத்துக்கு, ஐந்து வாரத்துக்கு ஒருமுறை சேணத்தைச் சரிபார்ப்பது நல்லது.

இவள் ஏன் ஓடுகிறாள் என்பதற்கு விடை தடைக்கு முன்னால் இல்லை, பின்னால் இருந்தது. இதைக் கண்டுபிடிக்கத்தான் ஐந்து வாரம் போனது. இறங்கியதும் சமநிலை முன்னங்கால் மேல் சாய்கிறது. அதைச் சரிசெய்யத் தெரியாமல் வேகமெடுக்கிறாள். அந்த வேகத்தோடே அடுத்த தடை வந்துவிடுகிறது. கடிவாளத்தை இழுத்துப் பிடித்தால் இன்னும் மோசம். வாயில் கிடைக்கும் அழுத்தத்தில் சாய்ந்துகொண்டு ஓடத்தான் ரேஸில் பழக்கியிருக்கிறார்கள். நாம் ‘நில்’ என்று இழுக்கிறோம், அவளுக்கு அது ‘ஓடு’ என்று கேட்கிறது. அதனால் பலமான பிட்டை (வாயில் மாட்டும் கடிவாள இரும்பை) கழற்றிவிட்டு, நடுவில் சின்னத் துண்டு உள்ள, மென்மையான சாதாரண ஸ்னாஃபிள் பிட் போட்டோம். கழுத்தில் ஒரு வார். பயம் வந்தால் பிடிக்க வேண்டியது அந்த வாரைத்தான், ரெயினை (கையில் பிடிக்கும் கடிவாள வாரை) அல்ல. பாய்ச்சலின்போது பின்னால் சாயாமல், குதிரையின் வாயோடு கையும் முன்னால் போக வேண்டும் என்று இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி ஃபெடெரிகோ காப்ரில்லி (1868–1907) காட்டிக்கொடுத்தார். நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் இது மாதிரிக் குதிரைதான் அந்தப் பாடத்தின் அருமையைப் புரியவைக்கிறது.

மீதி வேலையைத் தரையில் கிடக்கும் கட்டை செய்தது.

தடைக்கு முன்னால் போடும் கட்டையை முதலில் சொல்கிறேன். ட்ராட்டில் (மிதமான துள்ளோட்டத்தில்) வந்து 45 செ.மீ. கிராஸ் (X வடிவில் வைத்த இரண்டு கட்டை). கட்டையை 2.2 மீட்டரில் வைத்தபோது தடைக்கு அடியிலேயே போய் மாட்டிக்கொண்டாள். இரண்டு முறை முழங்கால் தட்டியது. மூன்றாவது முறை கட்டையையும் கிராஸையும் சேர்த்து ஒரே தாவலாகத் தாவினாள். அவசரக்காரக் குதிரையிடம் அதுதான் ஆபத்தான பதில். 2.8 மீட்டரில் கட்டை மேலேயே கேன்டருக்கு (மெதுவான பாய்ச்சலுக்கு) மாறி எகிறினாள். 2.5 மீட்டரில்தான் சரியாக விழுந்தது: கட்டையைத் தாண்டி ஒரு ட்ராட் அடி, அடுத்தது எழும்பல். தடையின் அடியில் தரைக்கோடாக இன்னொரு கட்டை போட்டு அதை 30 செ.மீ. முன்னால் இழுத்தால் குதிரை அதைப் பார்த்துத்தான் எழும்பும். அப்போது இந்த 2.5-ஐ மாற்ற வேண்டும். அதனால் கிராஸுக்குத் தரைக்கோடே போடவில்லை. தரைக்கோட்டைத் தவறிப்போய் தடைக்குப் பின்பக்கம் வைத்துவிட்டால் குதிரையின் கண்ணை ஏமாற்றியதாகிவிடும். அதில் விழுந்த குதிரைக்கு மறுபடி நம்பிக்கை வர மாதக்கணக்காகும்.

அளப்பது காலடியால் வேண்டாம். தளர்ந்த மணலில் ஆள் நடக்கும் அடி சுருங்கும், காலையில் அளந்த 2.5 மாலையில் 2.4 ஆகிவிடும். இரும்பு டேப்பில் மணல் புகுந்து நாலு நாளில் சிக்கிவிட்டது. இப்போது நைலான் கயிறு ஒன்று: 2.5, 3, 5.5, 6.4, 7 மீட்டரில் ஒவ்வொரு முடிச்சு, ஒவ்வொன்றிலும் வேறு நிறத் துணி. ஒரு முனையைத் தடையின் நடுவில் ஒருவர் பிடிக்க, வேண்டிய முடிச்சில் கட்டையின் நடு வருகிறதா என்று பார்த்தால் போதும், அரை நிமிட வேலை. நைலான் இழுத்தால் நீளும். அதனால் மாதம் ஒருமுறை முடிச்சுகளைச் சரிபார்க்க வேண்டும். மழைக்குப் பிறகு மணல் கெட்டியானால் இவளுடைய ஸ்ட்ரைட் நீள்கிறது, ஆழமான மணலில் குறுகுகிறது. வாசலை நோக்கிப் போனால் லாயத்தின் ஞாபகத்தில் தானாகவே 15 செ.மீ. கூடுகிறது. அதனால் புதிய வரிசை எதுவும் முதலில் வாசலுக்கு எதிர்த்திசையில்தான்.

இன்னொன்று, உருண்டைக் கட்டை குளம்புக்கு அடியில் உருண்டால் கணுக்கால் பிசகிவிடும். தரையில் போடும் கட்டைகளுக்கெல்லாம் இரண்டு முனையிலும் சின்ன மணல் மூட்டை முட்டுக் கொடுத்திருக்கிறது. நாலு பக்கமும் முனை மழுக்கிய சதுரக் கட்டை கிடைத்தால் அதைவிட நல்லது.

இனி பின்னால் போடும் கட்டை. இந்த வெற்றியில் முக்கால் பங்கு இதனுடையது. ட்ராட்டில் வந்து தாண்டும் கிராஸுக்குப் பின்னால் 2.75 மீட்டரில் ஒன்று. கேன்டரில் வந்து 60 செ.மீ. வெர்டிகல் (அகலமில்லாத செங்குத்துத் தடை) என்றால் 3 மீட்டர். இறங்கியதும் எதிரே கட்டை தெரிகிறது. கீழே பார்க்கக் கழுத்தை நீட்டித் தாழ்த்துகிறாள், முதுகு மேலே வருகிறது, முதல் ஸ்ட்ரைட் குறுகுகிறது. யாரும் கடிவாளத்தைத் தொடவில்லை. பத்து நாள் ஒரு கட்டை, பிறகு அதிலிருந்து 3 மீட்டரில் இரண்டாவது, அதற்கப்பால் மூன்றாவது. ஏழாவது வாரத்தில் மூன்றையும் எடுத்தபோது கட்டை இருப்பது போலவே இறங்கினாள். அந்தக் காட்சியை மறக்க முடியாது.

இதில் ஒரு தப்பும் நடந்தது. ஒவ்வொரு முறையும் கட்டைகளைத் தாண்டியவுடன் நேராக நடைக்குக் கொண்டுவந்தோம். ஒரே வாரத்தில் அவளே முன்கூட்டி நிற்கப் பார்த்து, தடைக்கு மேலேயே பின்னங்காலைத் தொங்கவிட ஆரம்பித்தாள். இப்போது ஐந்தில் மூன்று முறை நடை, ஒருமுறை திருப்பம், ஒருமுறை அதே கேன்டரில் தொடர்ச்சி. எது வரும் என்று அவளுக்குத் தெரியக்கூடாது.

தடைக்கு முன் வட்டம் போட்டு அடக்குவதைப் பலர் சொல்கிறார்கள். 15 மீட்டர் வட்டம் உதவும்தான், தடைக்குப் பத்து ஸ்ட்ரைட் தூரத்திலேயே திருப்பினால். கடைசி நாலு ஸ்ட்ரைடில் திருப்புவது விலகி ஓடுவதற்குக் கொடுக்கும் பயிற்சி. போட்டியில் இரண்டு தடைகளுக்கு நடுவே தன் தடத்தையே வெட்டி வட்டம் போட்டால் அது கீழ்ப்படியாமைக் கணக்கில் 4 புள்ளி. அங்கே உதவாத மருந்தை இங்கே பழக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

வேகத்துக்கு அளவுகோல் வேண்டுமென்று வேலியோரம் 175 மீட்டர் அளந்து இரண்டு குச்சி நட்டிருக்கிறது. அதை 30 விநாடியில் கடந்தால் நிமிடத்துக்கு 350 மீட்டர். தரையில் 18 மீட்டர் இடைவெளியில் இரண்டு கட்டை, நடுவில் ஐந்து ஸ்ட்ரைட். அது வசப்பட்டதும் ஆறு. ஆறு சுலபமாக வந்த பிறகுதான் நாலு கேட்க வேண்டும். ரேஸ் குதிரையிடம் நாலை முதலில் கேட்டால் அன்றைய வேலை அத்துடன் முடிந்தது.

மார்ட்டிங்கேல் (தலையை அளவுக்கு மேல் தூக்காமல் தடுக்கும் வார்) விஷயத்தில் ஒரு திருத்தம். ஓடும் மார்ட்டிங்கேலின் வளையத்தை மிகவும் குட்டையாகக் கட்டியிருந்தோம். குதிரையின் நெற்றிக்கு நேர் முன்னால் குருட்டு இடம் உண்டு. தடையை அளவெடுக்கத் தலையை ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். அதைத் தடுத்தால் தடுமாறும். இரண்டு துளை தளர்த்தியதும் தலையாட்டல் பாதியாகக் குறைந்தது. ரெயினில் தடுப்பு ரப்பர் மறக்கக்கூடாது, இல்லையென்றால் வளையம் பிட்டில் போய் மாட்டும்.

கட்டை வாங்குவோருக்கு: மிக லேசான பிளாஸ்டிக் கட்டை வேண்டாம். தட்டினாலும் வலிக்காது, ஒலியும் வராது, தட்டுவது சாதாரணம் என்று குதிரை முடிவு செய்துவிடும். சுமார் 10 செ.மீ. குறுக்களவுள்ள மரக் கட்டையே போதும். நிறம் பற்றி ஒரு வார்த்தை. குதிரைக்கு நீலமும் மஞ்சளும் நன்றாகப் பிரிந்து தெரியும், சிவப்பும் பச்சையும் குழம்பும். புல் மேல் ஆரஞ்சுக் கட்டை நம் கண்ணுக்கு எடுப்பு, அதன் கண்ணுக்கு மங்கல். இருந்த சிவப்புப் பட்டைகளை நீலம்-வெள்ளையாக அடித்த பிறகு வெர்டிகலில் முன்கால் தட்டல் குறைந்தது. அதே வாரம் பின்கட்டையும் வேலை செய்ததால் முழுப் பெருமையை வண்ணத்துக்குக் கொடுக்கமாட்டேன்.

ஃபில்லர் (தடைக்கு அடியில் இடத்தை அடைக்கும் பலகை) இன்னும் பாதியில் நிற்கிறது. இரண்டு பலகைகளையும் ஸ்டாண்டை ஒட்டி, நடுவே 1.5 மீட்டர் திறந்துவிட்டு, கிராஸை 40 செ.மீ.க்கு இறக்கித் தொடங்கியது. பிறகு ஒரு மீட்டர், பிறகு அரை மீட்டர். இடது பக்கத்திலிருந்து வந்தால் சரி, வலமிருந்து வந்தால் புதிதாகப் பார்ப்பது போல் மூக்கை ஊதுகிறாள். இரண்டு பக்கமும் தனித்தனியாகக் காட்ட வேண்டும். முழுக்க மூடுவதற்கு இன்னும் ஒரு வாரமாகும். அதற்குள் தண்ணீர்த் தட்டுக்காக நீலத் தார்ப்பாய் வெட்டி வைத்தாயிற்று. மடித்து 50 செ.மீ. அகலத்தில் கட்டைக்கு அடியில் விரிக்க வேண்டும். காற்றில் படபடக்காமல் ஓரத்தில் மணல் போட வேண்டும்.

வாரத்தில் இரண்டு நாள்தான் தாவல், ஒரு நாளுக்கு 25 தாவலுக்கு மேல் கிடையாது. சதை சீக்கிரம் தயாராகிவிடும், தசைநாண் மெதுவாகத்தான் தயாராகும். முன்னங்காலுக்கு முன்பக்கம் திறந்த டெண்டன் பூட், பின்னங்காலுக்குக் குட்டை பூட், முன் குளம்பைச் சுற்றி ஓவர்ரீச் பூட். சவாரிக்கு முன் இரண்டு கைப்பிடி காய்ந்த குதிரைமசால். வெறும் வயிற்றில் கேன்டர் போனால் அமிலம் மேலே தெறிக்கும். ஓட்ஸைக் குறைத்ததில் சூடும் கொஞ்சம் தணிந்தது.

போட்டிக்கான ஒத்திகையும் ஓடுகிறது. வார்ம்-அப்பில் இரண்டு கிராஸ், மூன்று வெர்டிகல், இரண்டு ஏறுமுக ஆக்சர் (முன்கட்டை தாழ்ந்து, பின்கட்டை உயர்ந்த அகலத் தடை), அத்துடன் நிறுத்தம். ஆக்சரை எதிர்ப்பக்கத்திலிருந்து தாண்டவே கூடாது. சிவப்புக் கொடி வலது, வெள்ளை இடது என்று வீட்டிலேயே கட்டிவைத்தாகிவிட்டது. கட்டை இல்லாத காலிக் கப்புகளை (கட்டையைத் தாங்கும் கிண்ணங்களை) ஸ்டாண்டிலிருந்து கழற்றிவிடுவதும் பழக்கமாக வேண்டும். போட்டியில் மணி அடித்ததும் தொடங்க 45 விநாடி இருக்கிறது. இவளோ மணி கேட்டால் ரேஸ் வாசல் திறந்தது போல் துள்ளுகிறாள். அதனால் தீவனம் வைக்கும் நேரத்திலும், சும்மா நடக்கும்போதும் மணி அடிக்கிறோம். மணி கேட்ட பிறகு ஒரு முழு வட்டம் நடை, அப்புறம்தான் கேன்டர்.

இனி காம்பினேஷன். ட்ராட்டில் வரும் வரிசை நன்றாகவே போகிறது: 2.5-ல் கட்டை, கிராஸ், 5.5-ல் வெர்டிகல், 6.4-ல் ஆக்சர். கேன்டரில் வந்து ஒரு ஸ்ட்ரைட் என்றதும் அதே 6.4-ல் நெருங்கிப்போய் இரண்டாவதைத் தட்டுகிறாள். கேன்டரில் இறங்கும் இடம் தள்ளிப்போகிறது. அந்த அளவு இவளுக்குப் போதாது. சனிக்கிழமை 7 மீட்டர், இரண்டும் 50 செ.மீ. கிராஸ், வாசலுக்கு எதிர்த்திசை, இரண்டாவதற்குப் பின்னால் 3 மீட்டரில் கட்டை. மூன்று முறை சுத்தமாக வந்தால் இரண்டாவதை மட்டும் வெர்டிகலாக்கி, கயிற்றில் 7.3-க்கு ஒரு புது முடிச்சுப் போட வேண்டும்.