பயப்படத் தெரியாத பொம்மைகள்

எங்கள் வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் ஐந்து பூனைப் பொம்மைகள் இருக்கின்றன. தானாக உருள்வது, தானாகத் துள்ளுவது, தானாகப் படபடப்பது என்று எல்லாமே மோட்டார் வைத்தவை. மொத்தம் நாலாயிரத்துச் சொச்சம் ஆகியிருக்கிறது, அம்மாவிடம் சொன்ன கணக்கு ஆயிரத்து ஐந்நூறு. நான் இணையத்தில் எழுதுவதை அம்மா படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் இதை இங்கே போடுகிறேன்.

எங்கள் பூனை பட்டாணிக்கு இரண்டரை வயது. ஒரு மழை நாளில் கீழே பார்க்கிங்கில், யாரோ ஒருவரின் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்த குட்டி. அதோடு கூடப் பிறந்த இன்னொன்று மறுநாளே கார் சக்கரத்தில் போய்விட்டதால், இதை வெளியே விடுவதே இல்லை என்று முடிவு செய்துவிட்டோம். இரண்டாவது மாடி, பால்கனிக்குப் புறா வலை, கதவைத் திறப்பதற்கு முன்னால் யாராவது காலால் அணை போட வேண்டும். பத்திரம் என்னவோ பத்திரம்தான், ஆனால் அதற்குப் பொழுது போகவேண்டுமே. நான் காலை ஒன்பதுக்குக் கிளம்பினால் திரும்பி வர ராத்திரி எட்டாகிவிடும், அம்மாவுக்கு முட்டிவலி, குனிந்து நிமிர முடியாது. பட்டாணி பகல் முழுக்கத் தூங்கித் தீர்த்துவிட்டு, நான் படுத்து விளக்கை அணைத்த பிறகு வேட்டைக்குக் கிளம்பும். போர்வைக்குள் அசைகிற என் கால் கட்டைவிரல்தான் இரை. இரண்டு முறை ரத்தம் பார்த்த பிறகு பொம்மை தேட ஆரம்பித்தேன்.

முதலில் வாங்கியது உருளும் பந்து. உள்ளே ஒரு குட்டி மோட்டாரும் ஒரு எடையும் இருக்கின்றன. எடை எப்போதும் அடியிலேயே நிற்கப் பார்க்கும், அதனால் மோட்டார் சுழன்றால் வெளி ஓடு உருளும், சுவரில் முட்டினால் திசை மாறும். யூ.எஸ்.பி. சார்ஜ், நீல விளக்கு, பெட்டியின் மேல் நாலு காலும் காற்றில் பறக்கப் பாய்கிற ஒரு வெள்ளைப் பூனை. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பந்தைத் தரையில் விட்டேன், அது நேராகப் பட்டாணியைப் பார்த்து உருண்டது, பட்டாணி ஃபிரிட்ஜ் மேல் ஏறிவிட்டது. அவ்வளவுதான். பதினைந்து நிமிடம் பந்து ஹாலைச் சுற்றிச் சுற்றி வர, அது மேலே இருந்து டிராஃபிக் போலீஸ்காரர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏண்டி, இது பூனைக்கு வாங்கினியா உனக்கு வாங்கினியா?" என்றாள் அம்மா.

அதில் இன்னொரு வசதியும் உண்டு, லேசாகத் தட்டினால் தானாக உயிர் வரும். அதை அணைக்க மறந்துவிட்டுத் தூங்கியிருக்கிறேன். காலை ஐந்து மணிக்குப் பட்டாணி தண்ணீர் குடிக்கப் போகிற வழியில் வால் பட்டதோ கால் பட்டதோ, டைல்ஸ் தரையில் கடகடவென்று ஆரம்பித்துவிட்டது. ஐந்தேகாலுக்கு காலிங் பெல். கீழ் வீட்டு மாமா, பனியனோடு. "விடியக்காலையில மாவு அரைக்கிறீங்களாம்மா?" என்றார். ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார், அதுதான் இன்னும் சங்கடம்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்று நடந்தது. டியூப்லைட் பின்னால் குடியிருக்கும் பல்லி என்ன நினைத்ததோ, சுவரில் பாதி வரை இறங்கி வந்தது. பட்டாணி ஷோகேஸ் மேலிருந்து ஒரே தாவு. பல்லி தப்பி வாஷிங்மெஷின் பின்னால் போய்விட்டது, வாலை மட்டும் விட்டுவிட்டு. அந்த வால் தரையில் கிடந்து துடித்தது. துடிக்கும், நின்றுவிடும், செத்துவிட்டது என்று நினைக்கும்போது ஒரு சுண்டு சுண்டி அரை அடி தள்ளிப் போய் விழும். பட்டாணி வயிறு தரையில் ஒட்டப் பதுங்கியது. கண்ணில் மஞ்சளே தெரியாமல் மொத்தமும் கறுப்பு. பின்பக்கத்தை மட்டும் இடமும் வலமும் ஆட்டியது. வால் நிற்கும்வரை காத்திருந்து, நின்றதும் பாய்ந்து அமுக்கியது. பிறகு வேண்டுமென்றே காலை எடுத்தது. வால் துள்ளியது, மறுபடி அமுக்கியது. ஐந்து நிமிடம் இருக்கும். கடைசியில் கறுக் முறுக்கென்று தின்றுவிட்டு, முகம் கழுவி, சோபா மூலையில் சுருண்டு படுத்தது. அன்றைக்கு என் கட்டைவிரல் பக்கமே வரவில்லை.

பூனைக்காக மனிதன் செய்த எந்த இயந்திரமும் அந்த வாலுக்கு ஈடாகாது என்று அப்போது தோன்றியது. பல்லிக்கு அது தப்பிக்கும் தந்திரம், தின்ன வருகிறவனின் கவனத்தை வாலில் கட்டிப்போட்டுவிட்டு ஓடிவிடுவது. எதிரி எதைப் பார்த்தால் மயங்குவான் என்று கணக்குப் போட்டு அமைந்த பொம்மை. அந்த வாலில் இருக்கிற, என் பந்தில் இல்லாத விஷயம் என்ன என்று யோசிக்க ஆரம்பித்தேன், அங்கேதான் விஷயம் பிடிபட்டது.

எந்த எலியும் பூனையைப் பார்த்து ஓடி வராது. இரை விலகித்தான் ஓடும், இடுக்கில் நுழையும், பயத்தில் உறைந்து நிற்கும். என் பந்துக்குப் பயப்படவே தெரியாது. எதிரே பூனை இருக்கிறதா சுவர் இருக்கிறதா என்று அதற்கு ஒரு வித்தியாசமும் இல்லை. ஒரே வேகத்தில், நிற்காமல், பேட்டரி தீரும்வரை உருளும். பூனை பாய்வதற்கு இரை ஒரு கணமாவது நிற்க வேண்டும். நிற்காத பொருளோடு அது என்னதான் செய்யும், ஃபிரிட்ஜ் மேல்தான் ஏறும்.

சத்தமும் ஒரு காரணமாக இருக்கலாம். நமக்கு 20,000 ஹெர்ட்ஸோடு காது முடிந்துவிடுகிறது, பூனைக்கு 60,000 தாண்டியும் கேட்கும், எலிக்குஞ்சுகள் நமக்குக் கேட்காத சுருதியில் கீச்சிடுவதைப் பிடிக்கிற காது அது. நமக்கு லேசான முனகலாகக் கேட்கிற மலிவு மோட்டார் அதன் காதுக்கு எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும். புதிதாக வாங்குகிறவர்கள் முதல் நாள் பொம்மையை ஓடவிட்டுப் பூனையின் காதைப் பாருங்கள். முன்னால் திரும்பினால் சரி, பக்கவாட்டில் படிந்து பின்னால் போனால் திருப்பி அனுப்பிவிடலாம். பெட்டியின் மேல் போட்டிருக்கும் சிவப்பு, பிங்க் எல்லாம் நமக்காகத்தான். பூனைக்கு நீலமும் மஞ்சளும் தெரிகிற அளவுக்குச் சிவப்பு தெரியாது.

லேசர் கதை தனி. டி.வி. ஸ்டாண்டில் வைத்தால் தானாகத் தலையைச் சுழற்றித் தரையில் சிவப்புப் புள்ளியை ஓடவிடும் சாதனம். பூனையை லேசரால் ஓடவிடும் முறைக்கு 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமையே கொடுத்திருக்கிறார்கள், சிரிக்காதீர்கள், நிஜம். பட்டாணிக்குப் பைத்தியமே பிடித்த மாதிரி ஓட்டம். இரண்டு வாரம் நானும் சந்தோஷமாக இருந்தேன். பிறகு ஒருநாள் காலை அம்மா எவர்சில்வர் டம்ளரில் காபி குடித்துக்கொண்டிருந்தாள், டம்ளரிலிருந்து தெறித்த வெளிச்சம் மேல்சுவரில் ஆடியது. பட்டாணி அதையே பார்க்க ஆரம்பித்தது. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்த பிறகும் அரை மணிநேரம் வெறும் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. என் கைக்கடிகார வெளிச்சம், போன் திரையின் வெளிச்சம் எல்லாவற்றுக்கும் இதே கதை. தேடிப் படித்தால், 2021-இல் 600-க்கும் மேற்பட்ட பூனைக்காரர்களிடம் கேட்டு எடுத்த ஒரு ஆய்வு கிடைத்தது. லேசரில் அடிக்கடி விளையாடும் பூனைகளிடம் வெளிச்சத்தையும் நிழலையும் துரத்துவது, முறைத்துப் பார்ப்பது போன்ற பழக்கங்கள் அதிகமாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. லேசர்தான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், எத்தனை முறை பாய்ந்தாலும் காலுக்கடியில் ஒன்றுமே இல்லை, கடித்தால் பல்லில் ஒன்றுமே இல்லை. அதோடு என்னுடைய சாதனம் பூனையின் கண் மட்டத்தில் வேறு இருந்தது, நேராகக் கண்ணிலேயே அடிக்கிறதா என்று பார்க்க நான் பகலில் வீட்டில் இருப்பதும் இல்லை. கழற்றி உள்ளே வைத்துவிட்டேன்.

சரி, என்னதான் பலித்தது என்று கேட்பீர்கள்.

பந்தைத் தூக்கி எறியவில்லை. ஒரு செருப்பு அட்டைப்பெட்டியை எடுத்து, நாலு பக்கமும் பூனையின் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டு, பந்துக்குப் பழைய சாக்ஸ் மாட்டி உள்ளே விட்டேன். இப்போது அதனால் பூனையை நோக்கி வர முடியாது. ஒரு ஓட்டையில் தெரியும், மறையும், அட்டையில் பிராண்டுகிற சத்தம் மட்டும் வரும், சாக்ஸ் மாட்டிய கனத்தில் நடுநடுவே திணறி நிற்கும். பட்டாணி வந்தது. முதலில் ஒரு கை, அப்புறம் இரண்டு கை, அப்புறம் தோள்வரை உள்ளே விட்டு, கன்னத்தை அட்டையில் அழுத்திக்கொண்டு கண்ணை எங்கோ பார்த்தபடி துழாவல். பெட்டி சத்தத்தையும் குடித்துவிடுகிறது, அடியில் கோரைப்பாயை மடித்துப் போட்டதில் மாமாவும் சமாதானம்.

துணிக்கு அடியில் ஒரு குச்சி சுற்றிச் சுற்றி ஓடுகிற பொம்மையும் நன்றாக வேலை செய்தது, அதுவும் ஒளிந்து ஓடுகிற ஜாதிதான். சார்ஜ் போட்டால் துள்ளும் துணி மீனும் பரவாயில்லை, காரணம் அதைக் கட்டிப்பிடித்துப் பின்னங்கால்களால் உதைக்க முடிகிறது. பறக்கும் வண்ணத்துப்பூச்சி வேண்டாம். கம்பி முனையில் காகிதச் சிறகு, இரண்டு நாளில் பிய்த்துவிட்டது. இறகு வைத்தவற்றை ஆளில்லாத நேரத்தில் விடவே விடாதீர்கள். ஒரு மாலை வந்து பார்த்தால் பாதி இறகைக் காணோம், அடுத்த நாள் லிட்டர் டிரேயில் (பூனையின் கக்கூஸ் தட்டு) அது வந்து சேரும்வரை எனக்கு வேலை ஓடவில்லை. இறகாவது பரவாயில்லை, நூல் விழுங்கினால் குடலைச் சுருக்கி அறுத்துவிடும், அறுவைசிகிச்சை வரை போகும். பட்டன் பேட்டரி போடுகிற பொம்மையின் மூடிக்கு ஸ்க்ரூ இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அலமாரி எதற்கு என்றால், எல்லாப் பொம்மையும் எப்போதும் தரையில் கிடந்தால் ஒன்றுமே வேலைக்காகாது. இங்கிலாந்தில் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் 2002 வாக்கில் இதைச் சோதித்திருக்கிறார்கள். ஒரே பொம்மையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் பூனைக்கு ஆர்வம் வேகமாகக் குறைகிறது, கொஞ்சம் மாற்றிய பொம்மையைக் கொடுத்ததும் திரும்ப வந்துவிடுகிறது. பூனைக்கு அலுத்தது விளையாட்டு இல்லை, அந்தப் பொருள். அதனால் இரண்டு நாளைக்கு ஒன்று வெளியே, மற்றது உள்ளே, உள்ளே போவதோடு ஒரு கொத்து குப்பைமேனி வேர். இது அம்மாவின் யோசனை. குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றும் ஒரு பெயர் உண்டு, இலையைப் பூனை சட்டை செய்யாது, வேரோடு பிடுங்கினால் வந்து புரளும். பக்கத்துக் காலி மனையில் நிறையக் கிடக்கிறது, காசு கொடுத்து கேட்னிப் என்கிற, பூனையை மயக்கும் வெளிநாட்டுச் செடியை வாங்கிய என்னைத்தான் சொல்ல வேண்டும்.

தீனி உள்ளே போட்டு உருட்டினால் ஒவ்வொன்றாக விழுகிற பந்தும் ஒன்று வாங்கினேன், அது எங்களுக்கு ஒத்துவரவில்லை. தட்டில் சும்மா கிடக்கிற சாப்பாடு, உழைத்து எடுக்க வேண்டிய சாப்பாடு இரண்டையும் 17 வீட்டுப் பூனைகளுக்கு முன்னால் வைத்து கலிஃபோர்னியாவில் பார்த்தபோது, பெரும்பாலானவை தட்டுப் பக்கமே போயிருக்கின்றன. பட்டாணியும் அந்தக் கட்சி.

இன்னொரு ஆய்வும் எனக்குப் பிடித்திருந்தது. 2021-இல் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் வெளியே திரிந்து வேட்டையாடும் பூனைகளை வைத்துச் செய்தது. வீட்டுக்காரர் தினமும் 5 முதல் 10 நிமிடம் கூட விளையாடினால், அவை பிடித்துக்கொண்டு வரும் இரை 25 சதவீதம் குறைந்திருக்கிறது. வெறும் பத்து நிமிடம்! மெஷினை அதனால் நான் அந்தப் பத்து நிமிடத்துக்குப் பதிலாக வைப்பதில்லை, அதற்கு முன்னால் வைக்கிறேன். ஏழேமுக்காலுக்கு, பட்டாணி பசியோடு இருக்கும்போதே, அம்மா சோபாவிலிருந்து ரிமோட்டை அமுக்குவாள், துணிக்கடியில் குச்சி ஓடும். நான் எட்டுக்கு வந்து, ஒரு ஈர்க்குச்சியைக் கால்மிதிக்கு அடியில் விட்டு ஆட்டுவேன், மெதுவாக, விலக்கி விலக்கி, நிறுத்தி நிறுத்தி. பட்டாணி பிடித்துவிட்டால் விட்டுக்கொடுத்துவிடுவேன். உடனே நாலு நெத்திலி, வேகவைத்தது, உப்பில்லாமல்.

நேற்று ராத்திரி ஈர்க்குச்சியை நான் எடுப்பதற்கு முன்னால் பார்த்தேன், அம்மா சோபாவில் உட்கார்ந்தபடியே புடவைத் தலைப்புக்கு அடியில் விரலை ஓடவிட்டுக்கொண்டிருந்தாள். பட்டாணி மேஜைக்கு அடியில் பதுங்கி, பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டிருந்தது. "அம்மா, கையை எடு, பிறாண்டும்" என்றேன்.

"நீ சும்மா இரு, இப்பதான் வருது" என்றாள்.