காமராஜ் நகர் இடைத்தேர்தல்: நாள்வாரிக் குறிப்புகள்

23 செப்டம்பர் 2019, திங்கள்

எம்.எல்.ஏ.வாக இருந்த வைத்திலிங்கம் மக்களவைக்குப் போனதால் காலியான, புதுச்சேரியின் காமராஜ் நகர் சட்டமன்றத் தொகுதிக்கு இன்று வேட்புமனு தொடங்கியது. காலை 11 முதல் மாலை 3 வரை வாங்குவார்கள். டெபாசிட் 10,000 ரூபாய். எஸ்சி, எஸ்டி வேட்பாளருக்கு 5,000. அங்கீகாரம் பெற்ற கட்சிக்கு முன்மொழிய ஒருவர் போதும், சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். பத்துப் பேரும் இதே தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். புதுச்சேரியில் தொகுதி என்பதே சில நகர்கள்தான்; எதிர்ச்சாரி வீட்டுக்காரருக்கு வேறு தொகுதியில் ஓட்டு இருக்கும். கையெழுத்து வாங்குமுன் பாகம் எண், வரிசை எண் இரண்டையும் வாக்காளர் பட்டியலில் பார்த்துவிடுங்கள். அடையாள அட்டையை மட்டும் நம்ப வேண்டாம்.

30 செப்டம்பர், திங்கள்

மனுவுக்குக் கடைசி நாள். இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று கட்சி கொடுக்கும் ஏ, பி படிவங்கள் 3 மணிக்குள் போய்ச் சேர வேண்டும், மையால் போட்ட கையெழுத்தோடு. நகல் செல்லாது. சொத்து, கடன், வழக்கு விவரங்களைச் சொல்லும் 26ஆம் படிவப் பிரமாணப் பத்திரத்தில் ஒரு கட்டத்தையும் காலியாக விடக் கூடாது. கோடு இழுத்தாலும் ஆகாது. 'இல்லை' அல்லது 'பொருந்தாது' என்று எழுத வேண்டும்.

இதைவிட அதிகம் கோட்டைவிடுவது, அரசியலமைப்புக்கு விசுவாசமாக இருப்பேன் என்று வேட்பாளர் எடுக்கும் உறுதிமொழியில். மனு கொடுத்த பிறகு, பரிசீலனை நாளுக்கு முன்பே எடுத்தாக வேண்டும். நாளைக்குப் பரிசீலனை. அங்கே போய் எடுத்துக்கொள்ளலாம் என்று இருப்பவர் மனு தள்ளுபடிதான்.

3 அக்டோபர், வியாழன்

வாபஸ் முடிந்தது. இனி பெயர் வரிசை: அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் முதலில், பதிவு மட்டும் செய்த கட்சிகள் அடுத்து, கடைசியில் சுயேச்சைகள். ஒவ்வொரு பிரிவிலும் அகர வரிசை. நோட்டாவோடு 16 வரை ஒரே பேலட் யூனிட்டில் (வாக்காளர் பொத்தானை அழுத்தும் இயந்திரம்) அடங்கும். குற்ற வழக்கு உள்ள வேட்பாளர் அந்த விவரத்தை மூன்று முறை பத்திரிகையிலும் டிவியிலும் விளம்பரம் செய்ய வேண்டும்.

19 அக்டோபர், சனி

மாலை 6 மணியோடு பிரசாரம் நின்றது.

21 அக்டோபர், திங்கள்

இன்று வாக்குப்பதிவு. பூத் ஏஜெண்டுகள் தூங்கிவிடக் கூடாத நேரம், அதற்கு முன் நடக்கும் மாதிரி வாக்குப்பதிவு. குறைந்தது 50 ஓட்டு போட வேண்டும், நோட்டாவுக்கும் சேர்த்து. பிறகு ஓட்டுகளைப் பதிந்துவைக்கும் கண்ட்ரோல் யூனிட்டின் முடிவையும், ஓட்டு யாருக்கு விழுந்தது என்று விவிபேட் இயந்திரம் அச்சிடும் சீட்டுகளையும் ஒப்பிட்டு, முடிவை அழித்து, சீட்டுகளை வெளியே எடுத்துக் கறுப்பு உறையில் சீல் வைப்பார்கள். அழிக்க மறந்தால் அந்த 50 ஓட்டு அன்றைய கணக்கோடு கலந்துவிடும், வாக்காளர் பதிவேட்டோடு மொத்தம் ஒத்துப்போகாது. மொத்தம் பூஜ்யம் என்று காட்டுவதைக் கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

விவிபேட் அடிக்கடி மக்கர் பண்ணுவதற்குப் பெரும்பாலும் காரணம் இரண்டு. பின்பக்கத் திருகு படுக்கைவாக்கில் இருந்தால் காகிதச் சுருள் பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். நிமிர்த்திவிட்டுத்தான் சுவிட்சைப் போட வேண்டும். இன்னொன்று வெளிச்சம். ஜன்னலுக்கு எதிரிலோ டியூப்லைட்டுக்கு நேர் கீழேயோ வைத்தால் உள்ளே இருக்கும் சென்சார் குழம்பிவிடும். பள்ளிக்கூட வகுப்பறைகளில் இதற்கு இடம் தேடுவதே பாதி வேலை.

நடுவில் விவிபேட் மட்டும் பழுதானால் அதை மட்டும் மாற்றுவார்கள், மாதிரி ஓட்டு கிடையாது. கண்ட்ரோல் யூனிட்டோ பேலட் யூனிட்டோ போனால் முழு செட்டும் மாறும். ஒவ்வொரு வேட்பாளருக்கும் நோட்டாவுக்கும் ஒரு ஓட்டாவது போட்டுப் பார்த்த பிறகே வாக்குப்பதிவு தொடரும். வரிசையில் நிற்பவர்கள் கத்தினாலும் இதை அவசரப்படுத்தாதீர்கள்.

6 மணிக்கு வரிசையில் நிற்பவர்களுக்குக் கடைசி ஆளிலிருந்து முன்னோக்கி டோக்கன் கொடுப்பார்கள். முன்னாலிருந்து கொடுத்தால் பின்னால் புது ஆள் சேர்ந்துகொண்டே இருப்பார். பூத்தில் பதிவான ஓட்டுக் கணக்கு உள்ள 17சி படிவத்தின் நகலை வாங்காமல் எந்த ஏஜெண்டும் கிளம்பக் கூடாது.

24 அக்டோபர், வியாழன்

தபால் ஓட்டில் தொடங்கியது எண்ணிக்கை. 17சி நகல் இன்றைக்குத்தான் பயன்படும்: மேசைக்கு வரும் கண்ட்ரோல் யூனிட்டின் எண்ணும் மொத்த ஓட்டும் அதோடு பொருந்த வேண்டும். பொருந்தாத இயந்திரத்தைத் தனியே வைத்துவிடுவார்கள். வெற்றி வித்தியாசம் அதிலுள்ள ஓட்டுகளைத் தாண்டினால் அதைத் திரும்பிப் பார்க்கும் வேலையே இருக்காது. கடைசிச் சுற்று முடிந்ததும் குலுக்கலில் தேர்வான 5 பூத்களின் விவிபேட் சீட்டுகளை எண்ணுவார்கள்.

காங்கிரஸின் ஜான்குமார் ஜெயித்தார். செல்லும் ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காதவருக்கு டெபாசிட் போச்சு. இந்தக் கணக்கில் நோட்டா சேராது. செலவுக் கணக்கை 30 நாளுக்குள், அதாவது நவம்பர் 23க்குள், தோற்றவரும் டெபாசிட் இழந்தவரும்கூடக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் மூன்று ஆண்டு போட்டியிடத் தடை வரலாம்.