இடையன்குடி: 33 ஆண்டுகள் எழும்பிய ஆலயம்

திருநெல்வேலி மாவட்டத்து உவரி அந்தோனியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமைதோறும் வண்டி வண்டியாக ஆட்கள் போகிறார்கள். திசையன்விளை வழியாகப் போகும் அவர்களில் பெரும்பாலோர் இடையன்குடிப் பக்கம் திரும்புவதில்லை. அற்புதத்துக்கும் நேர்த்திக்கடனுக்கும் பேர் வாங்கிய ஊரில்லை அது. பனைகளும் செம்மண்ணும் சூழ்ந்த ஒரு கிராமம், அதற்குள் தென்னிந்தியத் திருச்சபையின் பரிசுத்த திரித்துவ ஆலயம், அவ்வளவுதான். ஒரு ஞாயிறு ஆராதனையில் கலந்துகொள்ள வேண்டும் என்றே நாங்கள் அங்கே போனோம்.

ஊருக்குள் நுழைந்ததும் கோயிலைவிட முதலில் தெருக்கள்தான் கண்ணில் பட்டன. நேராக, ஒழுங்காக இருக்கின்றன. அந்த ஒழுங்குக்கும் கோயிலுக்கும் மூலகர்த்தா ஒருவரே. மிஷனரி ராபர்ட் கால்டுவெல். 1814இல் அயர்லாந்தின் அன்ட்ரிம் பகுதியில் பிறந்து, 1838இல் சென்னை வந்து இறங்கியவர். 1841இல் தென்கோடிக்குப் புறப்பட்டபோது, தரங்கம்பாடி, கும்பகோணம், தஞ்சாவூர், நீலகிரி, மதுரை என்று சுற்றி, பெரும்பாலும் நடந்தே வந்து சேர்ந்தார். பேச்சையும் மக்களையும் தெரிந்துகொள்ள அதுவே வழி என்று நினைத்திருக்கிறார். வந்தவர் உடனே கோயில் கட்ட உட்காரவில்லை. தெருக்களைச் சீர் செய்தார், கிணறு வெட்டினார், பள்ளிக்கூடம் நடத்தினார். 1844இல் அவர் மணந்துகொண்ட எலைசா, நாகர்கோவில் மிஷனரி மால்ட்டின் மகள். பெண் பிள்ளைகளின் படிப்பை அந்த அம்மா பார்த்துக்கொண்டார். நாகர்கோவிலில் தன் தாய் தொடங்கி வைத்த லேஸ் பின்னலை இங்கேயும் கற்றுக்கொடுத்து, பெண்கள் கையில் காசு புரளச் செய்தார்.

கோயிலுக்கு அடிக்கல் விழுந்தது 1847இல். பிரதிஷ்டை நடந்தது 1880இல். இடையில் 33 ஆண்டுகள்! முப்பதுகளின் தொடக்கத்தில் ஆரம்பித்த வேலை முடியும்போது அவர் அறுபதைத் தாண்டிவிட்டார். மூன்று ஆண்டுகளுக்கு முன்பே பேராயராகவும் ஆகியிருந்தார். நடுவில் 1876-78இன் தாது வருடப் பஞ்சம் வேறு. இப்போது ஒரு சபை கோயில் கட்ட இத்தனை காலம் எடுத்தால் கமிட்டியை எத்தனை தடவை மாற்றியிருப்போம் என்று யோசித்துப் பார்த்தேன், சிரிப்பு வந்தது.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் கண் தானாக மேலே ஏறுகிறது. கோதிக் பாணிக் கட்டடம். இந்தப் பாணிக்கு உயிர், உச்சியில் கூராக முடியும் வளைவு. அரைவட்ட வளைவு தன் மேலுள்ள பாரத்தைப் பக்கவாட்டில் அதிகம் தள்ளும். கூர்வளைவு அதைவிடக் குறைவாகவே பக்கவாட்டில் தள்ளி, மிச்சத்தைக் கீழ்நோக்கி இறக்கிவிடும். அதனால்தான் இந்தப் பாணியில் சுவரை ஓங்கி எழுப்பி, சன்னல்களை ஒடுக்கமாகவும் நெடிதாகவும் திறக்க முடிகிறது. இங்கிலாந்தில் அது மங்கிய வெளிச்சத்தைப் பிடிக்க உதவிய ஏற்பாடு. இங்கே வெளிச்சத்துக்கா பஞ்சம்? ஆனால் கூரை உயர்ந்திருந்தால் வெக்கை மேலே போய்விடும். உச்சிவெயில் ஊரில் அதுவே பெரிய உபகாரம்.

உள்ளூர்க் கொத்தனார்கள் இப்படியொரு வளைவைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. சன்னல் வேலைப்பாடுகளுக்கு கால்டுவெல் தாமே களிமண்ணில் மாதிரி செய்துகொடுத்தார், அதைப் பார்த்து அவர்கள் கட்டினார்கள் என்கிறார்கள். கோயிலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். இதே ஆண்டுகளில்தான் 1856இல் அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. 1875இல் அதைத் திருத்தி மறுபதிப்பும் கொண்டுவந்தார். கொற்கையில் மண்ணைத் தோண்டிப் பழைய துறைமுகத்தின் தடயம் தேடியதும் இந்தக் காலத்தில்தான். அந்த மனிதர் இங்கே களிமண் பிசைந்துகொண்டும் இருந்திருக்கிறார்.

மெஞ்ஞானபுரத்தில் இன்னொரு மிஷனரியான ஜான் தாமஸ் கட்டிய பரிசுத்த பவுல் ஆலயத்தின் கோபுரம் 192 அடி. வெகுதூரத்திலேயே தெரியும், பார்க்கும்போதே பிரமிப்பு வரும். இடையன்குடியில் அந்தப் பிரமிப்பு இல்லை. ஆனால் உட்கார்ந்து ஜெபிக்க எனக்கு இதுதான் பிடித்தது.

ஆராதனை தொடங்கியது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். சங்கீதமும் வேதபாடமும் வாசித்தபோது ஒன்று உறைத்தது. நாம் இன்றும் கையில் வைத்திருக்கும் பழைய தமிழ் வேதாகமம், பவர் ஐயர் என்ற ஹென்றி பவர் பாதிரியார் தலைமையில் ஒரு குழு வருடக்கணக்கில் உட்கார்ந்து திருத்தி 1871இல் முடித்தது. கால்டுவெல் அந்தக் குழுவில் ஒருவர். ஜெபப் புத்தகத்தின் தமிழைத் திருத்தியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. சுவர் எழும்பிய அதே வருடங்களில், அதற்குள் வாசிக்கப்போகும் வசனங்களும் சொல் சொல்லாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. ‘கர்த்தர் வீட்டைக் கட்டாராகில்’ என்று தொடங்கும் 127ஆம் சங்கீதத்தை அன்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஒரு காரியம் தாமதமாகிறதே என்று மாதக்கணக்காக ஆண்டவரிடம் முறையிட்டுக்கொண்டிருந்தவன் நான். அந்த ஜெபத்தை அங்கே அவசரமில்லாமல் செய்ய முடிந்தது.

பக்தியோடு போனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. 1849இல் பனையேறும் சமூகத்தைப் பற்றி அவர் எழுதிய சிறு நூல் அந்த மக்களை ஆழமாகப் புண்படுத்தியது. எதிர்ப்பு பல வருடம் தணியவில்லை. இத்தனை காலம் கூடவே வாழ்ந்தவர் அப்படி எழுதியிருக்க வேண்டாம். ஆனாலும் அதே மக்களின் பிள்ளைகள்தான் இந்தக் கோயிலைத் தங்கள் கோயிலாகப் பேணுகிறார்கள்.

1891 ஆகஸ்ட் 28 அன்று கொடைக்கானலில் அவர் காலமானார். உடலை மலையிலிருந்து இறக்கி, இவ்வளவு தூரம் கொண்டுவந்து, இந்தக் கோயிலின் பலிபீடத்தின் கீழேயே அடக்கம் செய்தார்கள். நற்கருணை வாங்க முழங்காலிட்டபோது அந்த நினைப்பு வந்தது. பயமாக இல்லை. கட்டியவரும் நம்மோடு பந்தியில் இருக்கிறார் என்றுதான் தோன்றியது.

அவர் வாழ்ந்த வீட்டைத் தமிழக அரசு நினைவு இல்லமாக்கியிருக்கிறது. கோயிலைப் பார்த்த கையோடு அதையும் பார்த்துவிடலாம். போகிறவர்கள் முடிந்தால் ஞாயிறு காலை ஆராதனை நேரத்துக்குப் போங்கள். வெறும் கட்டடத்தைப் பார்ப்பதும், சபை நிறைந்து பாடும்போது கேட்பதும் ஒன்றல்ல.

வெளியே வந்தபோது ஒரு பெரியவர், “ஸ்தோத்திரம், எந்த ஊரு நீங்க?” என்று பேச்சுக் கொடுத்தார்.

“மதுரை, அண்ணாச்சி. கோயிலைப் பாக்கணும்னே வந்தோம்.”

“கால்டுவெல் ஐயர் கட்டுன கோயிலு. நல்லாப் பாத்துக்கிடுங்க. பிரதிஷ்டைப் பண்டிகைக்குத்தான் நீங்க வந்திருக்கணும், அசனம் உண்டு. அடுத்த தடவை முன்னாடியே விசாரிச்சுட்டு வாங்க, சாப்பிடாமப் போகக் கூடாது.”