ரிங்லெட் மேட்டுக்கு ஒரு வேகன்

இதை நான் எழுதுவது 2020இல். ஜப்பானில் சுபாரு நிறுவனத்தின் புதிய லெவோர்க் வேகன் காருக்கு ஆகஸ்ட் 20ஆம் தேதியே முன்பதிவைத் தொடங்கிவிட்டார்கள். முறையான அறிமுகம் 2020 அக்டோபர் 15, வியாழக்கிழமை. 2019இல் தோக்கியோ மோட்டார் ஷோவில் மாதிரி வண்டியைக் காட்டியதிலிருந்தே நான் இதன் பின்னால்தான் இருக்கிறேன். என் கைப்பேசியில் பிள்ளைகளின் படங்களுக்கு நடுவே லெவோர்க்கின் பின்கதவுப் படங்களும் ஜப்பானிய மொழியில் வந்த அளவுப் பட்டியலும் கிடக்கின்றன.

வீட்டுக்காரருக்கு என் ஆசை புரிகிறது. ஆனால் அவர் கணக்குப் பார்க்கிறவர். மலேசியாவில் 2020 ஜூன் 15 முதல் டிசம்பர் 31 வரை கார்களுக்கு விற்பனை வரிச் சலுகை ஓடுகிறது. உள்நாட்டில் பொருத்தும் கார்களுக்குப் பத்து விழுக்காடு வரியும் தள்ளுபடி. வெளிநாட்டிலிருந்து அப்படியே வந்து இறங்கும் கார்களுக்குப் பாதி. கோலாலம்பூர் செந்தூலில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக்குக் கீழே, இருக்கையின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத புதுக் காடிகள் வந்து நிற்கத் தொடங்கிவிட்டன. "இப்ப வாங்கலன்னா எப்ப வாங்கறது?" என்கிறார். அவர் கேட்பது நியாயம்தான். லெவோர்க் மலேசியாவுக்கு வரும் என்று இன்னும் யாரும் அறிவிக்கவில்லை. வந்தாலும் டிசம்பருக்குள் வரப்போவதில்லை. முதல் லெவோர்க் ஜப்பானில் 2014இல் வெளிவந்து இங்கே 2016இல்தான் கடைக்கு வந்தது. அப்படியிருந்தும், காத்திருக்கலாம் என்றுதான் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

காரணம், கேமரன் மலை ரிங்லெட்டில் அம்மாவும் அப்பாவும் இருக்கும் வீடு.

அப்பா கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் லாரி ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் தோட்டத்து வீட்டைக் காலி செய்து, ரிங்லெட் கடைத்தெருவுக்கு மேலே ஒரு சின்ன வீடு வாங்கினார். பெரிய சாலையிலிருந்து வீட்டுக்கு ஒரு சிமெண்டுச் சந்து ஏறுகிறது. ஒரு பக்கம் மூடாத சாக்கடை, மறுபக்கம் பக்கத்து வீட்டுச் சுவர். வெயிலே விழாத இடம் என்பதால் சிமெண்டு முழுக்கப் பாசி. மழை பெய்துவிட்டால் எங்கள் முன்சக்கர இழுவைக் காடி பாதி மேட்டில் நின்றுவிடும். முன்டயர் இரண்டும் நின்ற இடத்திலேயே சுற்றும், ரப்பர் கருகுகிற வாடை வரும், காடி மெல்லச் சாக்கடைப் பக்கம் நழுவும். சத்தம் கேட்டதுமே அப்பா இரண்டு கோணிச் சாக்குகளைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்துவிடுவார். அவற்றைச் சக்கரத்துக்கு அடியில் சொருகிவிட்டு, தள்ளி நின்று கையைக் காட்டுவார். "எண்ணெய மெதுவா அமுக்கும்மா, மெதுவா." எழுபது வயதைத் தாண்டியவர், நழுவுகிற காடிக்கு முன்னால் குனிந்து நிற்கிறார். ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு கலங்குகிறது.

இது டிரைவரின் திறமை சம்பந்தப்பட்டது இல்லை. மேட்டில் ஏறும்போது காரின் எடை பின்பக்கம் சாய்கிறது. பின்னால் அம்மா, பின்பக்கச் சாமான் பெட்டியான பூட்டில் சக்கர நாற்காலி, அரிசி மூட்டை, மருந்துப் பைகள் எல்லாம் இருந்தால் இன்னும் சாயும். இழுக்க வேண்டிய முன்சக்கரங்களின் மேல் அழுத்தம் குறைந்துபோகும். எந்தச் சக்கரத்துக்குப் பிடிப்பு வேண்டுமோ அதற்கே பிடிப்பு இல்லை. எடை அழுத்துகிற பின்சக்கரங்களோ சும்மா உருண்டு வருகின்றன. அந்தப் பின்சக்கரங்களுக்கும் வேலை கொடுத்தால் அந்தச் சந்தில் ஏறிவிடலாம். எனக்கு நான்கு சக்கரமும் இழுக்கும் ஆல் வீல் டிரைவ் வேண்டும் என்பதற்கு இந்தச் சந்து ஒன்றே போதும்.

சரி, அப்படியானால் எஸ்யூவி வாங்க வேண்டியதுதானே என்று எல்லாரும் கேட்கிறார்கள். தம்பியும் அதைத்தான் சொல்கிறான். கொரோனாவுக்காகப் போட்ட நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தளர்ந்த பிறகு அம்மாவை முழங்கால் சிகிச்சைக்காகக் கோலாலம்பூருக்கு அழைத்து வந்தபோது, ஒரு எஸ்யூவி விற்கும் ஷோரூமுக்கும் கூட்டிப் போனேன். அம்மா ஐந்து அடிகூட இல்லை. காலை ஊன்றி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, வலது காலைத் தூக்கிப் படியில் வைக்கப் பார்த்தார். முட்டி மடங்கவில்லை. விற்பனையாளர் தம்பி ஓடிப்போய் ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டார். முக்காலியில் ஏறி நிற்கவும் அதே முட்டிதானே மடங்க வேண்டும்? "வேணாம்மா, நம்ம காடியிலயே போயிரலாம்" என்று அம்மா சொல்லிவிட்டார். சாதாரணக் கார் என்றால் அம்மாவுக்கு ஒரு முறை உண்டு. கதவுக்கு முதுகைக் காட்டி முதலில் உட்கார்ந்துவிடுவார், அப்புறம் இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்பிக்கொள்வார். இருக்கை இடுப்புக்கு மேலே இருந்தால் அது நடக்காது. உயரமான ஆட்களுக்கு எஸ்யூவி சுலபமாக இருக்கலாம். என் அம்மாவுக்கு இல்லை.

செடானில் உட்காரலாம், ஆனால் சக்கர நாற்காலிதான் தொல்லை. மடித்த பிறகும் பதினைந்து கிலோவுக்கு மேல் வரும். பூட்டின் விளிம்பைத் தாண்டித் தூக்கி, சாய்த்து, உள்ளே திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். ஈரமான சக்கரம் சட்டையெல்லாம் சேற்றைப் பூசிவிடும். வேகனில் பின்கதவு மேலே போய்விடுகிறது, விளிம்பும் தாழ்வு, நாற்காலியை நேராக உள்ளே தள்ளிவிடலாம். ஆக, செடான் உயரத்தில் இருக்கை, வேனைப் போலத் திறக்கும் பின்பக்கம், நான்கு சக்கரத்துக்கும் இழுவை. இந்த மூன்றையும் ஒன்றாகக் கொடுக்கிற கார்களைத் தேடினால் பட்டியல் மிகவும் சிறியது. இருப்பதில் பெரும்பாலானவை ஐரோப்பியக் கார்கள், எங்கள் கைக்கு எட்டாதவை.

சுபாரு இந்த வகைக் காரைச் செய்ய ஆரம்பித்த கதையை நான் அப்பாவிடம் சொன்னபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார். வட ஜப்பானில் தொஹோகு எலெக்ட்ரிக் பவர் என்ற மின்சார நிறுவனம். பனி மூடிய மலைகளில் மின்கம்பி பழுது பார்க்கப் போகும் ஆட்கள் ஜீப்பில்தான் போய்க்கொண்டிருந்தார்கள். ஜீப் மலை ஏறும், ஆனால் உள்ளே குளிரும், உடம்பை உலுக்கி எடுத்துவிடும். சாதாரணக் கார் போல வசதியாக உட்கார்ந்து போகவும் வேண்டும், பனியில் ஏறவும் வேண்டும் என்று கேட்டார்கள். அந்தத் தேவையிலிருந்து வந்ததுதான் 1972இல் வெளிவந்த லியோன் எஸ்டேட் வேன், சுபாருவின் முதல் பெருவாரி உற்பத்தி நான்கு சக்கர இயக்கக் கார். "நம்ம தோட்டத்து லேண்ட் ரோவர் மாதிரிதான்" என்றார் அப்பா. "அது ஏறாத மேடு கிடையாது. ஆனா சாயங்காலம் இறங்கறப்ப இடுப்பு இருக்காது."

வேலைக்குப் போகிற ஆட்களுக்காகச் செய்த கார் என்பதே எனக்கு இந்த நிறுவனத்தின் மேல் முதலில் மதிப்பு வரக் காரணம். அடுத்தது எஞ்சின். சிலிண்டர்கள் நிமிர்ந்து நிற்காமல் இரண்டு பக்கமும் படுத்துக்கொண்டிருக்கும். அதனால் கனமெல்லாம் தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. எஞ்சினிலிருந்து கியர்பெட்டி வழியாகப் பின்சக்கரம் வரைக்கும் ஒரே நேர்கோடு, இடதும் வலதும் சமம். வேறு பல ஆல் வீல் டிரைவ் கார்களில், முன்சக்கரம் வழுக்கிய பிறகுதான் பின்சக்கரத்துக்குச் சக்தி போகும். சுபாருவில் பின்பக்கத்துக்கு எப்போதும் ஒரு பங்கு போய்க்கொண்டே இருக்கும். கேமரன் மலைக்கு ஏறும் வழியில் லாத்தா இஸ்கண்டார் அருவியைத் தாண்டியதும் வருகிற வளைவுகளை அறிந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும். மலைக்கு ஏறும் அந்தத் தாப்பா சாலை முழுக்க வளைவுதான். மழைக்குப் பிறகு மேட்டிலிருந்து செம்மண் கரைந்து ரோட்டில் படிந்திருக்கும். எதிரே முட்டைக்கோஸ் லாரி பாதித் தடத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கும். அங்கே சக்கரம் வழுக்கிய பிறகு யோசிக்கிற கார் எனக்கு வேண்டாம்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். நாலு சக்கரமும் இழுத்தால் பிரேக்கும் பலமாகிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். அப்படி எதுவும் இல்லை. இறக்கத்தில் எந்தக் காராக இருந்தாலும் டயரும் வேகமும்தான் பேசும். தேய்ந்த டயரோடு ஆல் வீல் டிரைவ் ஓட்டுகிறவரைவிட, நல்ல டயர் போட்டு நிதானமாக இறங்குகிறவரை நான் நம்புவேன்.

இனி புதிய லெவோர்க். எஞ்சின் புதிது, 1.8 லிட்டர் டர்போ. 177 குதிரைத்திறன் என்பது பழைய 1.6ஐவிட ஏழுதான் அதிகம். அதை வைத்துக் குறை சொல்கிறவர்கள் டார்க்கை, அதாவது இழுக்கிற முறுக்குவிசையைப் பார்க்கவில்லை. 250லிருந்து 300 நியூட்டன் மீட்டர் ஆகியிருக்கிறது, அதுவும் எஞ்சின் நிமிடத்துக்கு 1,600 சுற்று சுற்றும்போதே கிடைக்கிறது. ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு மலை ஏறுகிறவர்களுக்குத் தேவைப்படுவது அதுதான். கொள்ளளவு 1,795 சி.சி. என்பதையும் கவனித்தேன். 1,800க்கு ஒரு நூல் கீழே, அதனால் நம் ரோடு டேக்ஸ் கணக்கில் 278 வெள்ளி (ரிங்கிட்) வருகிறது. இரண்டரை லிட்டர் கார் என்றால் அதைப்போல மூன்று மடங்கு. வீட்டுக்காரர் இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் தலையாட்டினார்.

அகலம் 1,795 மில்லிமீட்டர். சுபாருவின் இன்னொரு காரான லெகசி அமெரிக்காவுக்காகப் பெருத்துக்கொண்டே போனதால்தான், ஜப்பானியச் சாலைகளுக்கென்று லெவோர்க்கைத் தனியாகச் செய்தார்கள். எங்கள் அடுக்குமாடித் தூண்களுக்கும் ரிங்லெட் சந்துக்கும் அதே அளவுதான் ஒத்துவரும். பூட் 561 லிட்டர், அதில் 69 லிட்டர் தளத்துக்கு அடியில். நாற்காலியின் கால்தாங்கிகள், குடை, அப்பாவின் சாக்குகள் எல்லாம் அங்கே போய்விடும். பின்னிருக்கையை மூன்று துண்டாக மடிக்கலாம். நடுத்துண்டை மட்டும் சாய்த்து நீளமான சாமானை நுழைத்துவிட்டு, இரண்டு பக்கமும் பிள்ளைகளை உட்கார வைக்கலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது பின்கதவு. நடுவில் இருக்கும் ஆறு நட்சத்திரச் சின்னத்துக்குப் பக்கத்தில் முழங்கையைக் கொண்டுபோனாலே தானாகத் திறக்கிறது. மழையில் ஒரு கையில் அம்மா, மறு கையில் நாற்காலி, வாயில் குடைக் கயிறு என்று நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும். நெரிசலில் கையை எடுத்துவிட்டே ஓட்டும் வசதியைத்தான் பத்திரிகைகள் பெரிதாக எழுதுகின்றன. அது ஜப்பானின் விரைவுச்சாலை வரைபடத்தையும் செயற்கைக்கோளையும் நம்பி ஓடுவது, தாப்பா சாலையில் அதற்கு வேலை இல்லை. முறுக்கினாலும் வளையாமல் நிற்கும் கார் உடலின் உறுதி 44 விழுக்காடு கூடியிருக்கிறது என்கிறார்கள். அது எனக்கு முக்கியம். உடல் இறுக்கமாக இருந்தால்தான் சஸ்பென்ஷன் தன் வேலையைச் செய்யும், வளைவுக்கு வளைவு அம்மாவுக்குத் தலை சுற்றாது.

ஜப்பானும் நம்மைப் போல வலப்பக்க ஸ்டியரிங் நாடு என்பதால் இங்கே கொண்டுவருவதற்கு அது ஒரு தடை இல்லை. முதல் லெவோர்க்கை இங்கே விற்றவர்கள் இதையும் கொண்டுவர வேண்டும் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். அறிமுகம் முடிந்ததும் பின்கதவின் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று முதலில் பார்ப்பேன். பின்னிருக்கையின் உயரத்தையும் பார்க்க வேண்டும். அம்மாவின் முழங்கால் உயரத்தை ஏற்கெனவே டேப் வைத்து அளந்து வைத்திருக்கிறேன்.

அதுவரை பழைய காடிதான். வீட்டுக்காரரும் நானும் பேசி முடிவு செய்துவிட்டோம். வரிச்சலுகைக்காக அவசரப்பட்டு எதையும் வாங்குவதில்லை, இன்ஷூரன்ஸையும் ரோடு டேக்ஸையும் இன்னொரு வருடத்துக்குப் புதுப்பிக்கிறோம். இந்தச் சனிக்கிழமை முன்டயர் இரண்டையும் மாற்றுகிறோம். அடுத்த வாரம் மலைக்குப் போகும்போது ஒரு கம்பித் தூரிகையும் சுண்ணாம்பும் வாங்கிப் போய், சந்தில் இருக்கும் பாசியைத் தேய்த்து எடுப்பதாகத் தம்பி சொல்லியிருக்கிறான்.